சில்லர் பிளான்டில் தண்ணீர் ஓட்டத்தையும் மின்செலவையும் அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் மருத்துவமனை, ஐ.டி. கட்டிடம், மால், மில் என்று தண்ணீரால் குளிரூட்டும் சில்லர் (குளிர்நீர் தயாரிக்கும் இயந்திரம்) ஓடும் எந்த இடத்திலும் பராமரிப்பு ஆட்களிடம் நிர்வாகம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஒரு டன் குளிருக்கு எத்தனை கிலோவாட் போகிறது? (ஒரு டன் என்பது மணிக்கு 3,024 கிலோகலோரி வெப்பத்தை எடுக்கும் குளிர்.) அதற்கு நம்பத்தக்க பதில் எடுக்கும் வேலையை வரிசைப்படி இங்கே பார்க்கலாம்.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஓட்ட மீட்டரை வாடகைக்கு எடுத்து வந்துவிட்டு, பிறகு அதைக் கட்ட இடம் தேடுகிறார்கள். ஓட்டத்தைச் சுமாராக அளந்தாலும் பிழை ஓரளவோடு நின்றுவிடும். வெப்பநிலையைச் சுமாராக அளந்தால் மொத்தக் கணக்கும் போச்சு. அதனால் இங்கே வெப்பநிலைதான் முதலில் வருகிறது.

1. எல்லைக்கோடு போடுங்கள்

ஒரு தாளில் பிளான்ட் ரூமை வரையுங்கள். சில்லர், குளிர்நீர் பம்ப், கண்டென்சர் (சில்லர் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி) பம்ப், கூலிங் டவர் ஃபேன், பைபாஸ் லைன் (தண்ணீர் குறுக்கே திரும்பிவிடும் வழி), வால்வுகள் எல்லாம் அதில் வர வேண்டும். சில்லரை மட்டும் அளக்கிறீர்களா, முழு பிளான்டையுமா என்று அதே தாளில் எழுதிவிடுங்கள். இரண்டுக்கும் விடை வேறு. சில்லருக்கு டன்னுக்கு 0.69 கிலோவாட் வரும் இடத்தில் முழு பிளான்டுக்கு 0.98 வரலாம். எது எதற்கான எண் என்று எழுதாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டுதான் பின்னால் சண்டை வருகிறது.

வரைபடத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியது பைபாஸ். பிரைமரி (சில்லர் பக்கம்), செகண்டரி (கட்டிடப் பக்கம்) என்று இரண்டு சுற்று உள்ள கட்டிடத்தில், பிரைமரி பைப்பில் ஓட்டத்தை அளந்து செகண்டரி பைப்பில் வெப்பநிலையை எடுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஓட்டமும் இரண்டு வெப்பநிலைகளும் ஒரே சுற்றில், பைபாஸ் வந்து கலக்கும் இடத்துக்கு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டியவை

கிளாம்ப் ஆன் அல்ட்ராசோனிக் ஓட்ட மீட்டர் (பைப்பின் வெளியே கட்டி ஒலியால் அளப்பது), பைப் தடிமன் அளக்கும் கேஜ், துணி டேப், எமரி தாள், கப்ளிங் ஜெல். ஒரே வகையில் இரண்டு பி.டி.100 அல்லது பி.டி.1000 சென்சார் (மின்தடையை வைத்து வெப்பநிலை சொல்பவை), அவற்றைப் பதிவு செய்யும் லாகர். மூன்று ஃபேஸ் பவர் அனலைசர். வெட் பல்ப் (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலை) பார்க்க ஒரு சைக்ரோமீட்டர். ஸ்பின்னிங் மில்லின் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டில் வேலை பார்த்தவர்களிடம் அது எப்படியும் இருக்கும்.

இவற்றோடு ஒரு தெர்மாஸ் ஃபிளாஸ்க்கும் ஐந்து கிலோ ஐஸும் வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

சில்லரின் டேட்டா ஷீட்டையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வடிவமைப்பு ஓட்டம், அந்த ஓட்டத்தில் எவாப்பரேட்டரில் (சில்லருக்குள் தண்ணீர் குளிரும் பகுதி) இறங்கும் அழுத்தம் ஆகிய இரண்டு எண்களும் பின்னால் சரிபார்க்கத் தேவைப்படும்.

3. இரண்டு சென்சாரையும் ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கள்

"டிஸ்பிளேலயே 7.2 காட்டுதுங்களே, அது போதாதுங்களா?" என்று ஆபரேட்டர் கேட்பார். போதாது. சில்லரின் சொந்த சென்சார் அதை ஓட்டுவதற்காக வைத்தது. அரை டிகிரி விலகியிருந்தாலும் சில்லர் நன்றாகவே ஓடும். நமக்கு வேண்டியது வித்தியாசம். உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் இடையில் மொத்தமே நாலைந்து டிகிரிதான் இருக்கிறது. ஐந்து டிகிரியில் அரை டிகிரி தவறினால் விடையில் பத்து சதவீதம் போய்விடும்.

ஐஸை நன்றாக நொறுக்கி ஃபிளாஸ்க்கில் நிரப்பி, இடைவெளி மூடும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு சென்சாரையும் நூலால் சேர்த்துக் கட்டி நடுவில் இறக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். அதைவிட முக்கியம், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 0.1 டிகிரிக்குள் அடங்குவது. பிறகு ஐஸை எடுத்துவிட்டு, 12 டிகிரியை ஒட்டிய தண்ணீரில் இன்னொரு முறை பாருங்கள். விலகல் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் அதைக் குறித்துவைத்துக் கணக்கில் கழிக்கலாம். ஆளுக்கொரு மாதிரி இருந்தால் சென்சாரை மாற்றுவதுதான் வழி.

ஒயரையும் கவனியுங்கள். பி.டி.100 சென்சாரில் ஒரு டிகிரிக்கு மின்தடை 0.385 ஓம் மட்டுமே மாறும். இரண்டு ஒயர் இணைப்பில் நீளமான கேபிள் போட்டு, அந்தக் கேபிளின் தடை 0.4 ஓம் வந்தால் ஒரு டிகிரி பொய் சொல்லும். மூன்று அல்லது நான்கு ஒயர் இணைப்பாக எடுங்கள். இல்லையென்றால் பி.டி.1000 வாங்குங்கள். ஐஸ் சோதனையையும் களத்தில் போடப்போகும் அதே கேபிளோடுதான் செய்ய வேண்டும்.

4. சென்சாரைப் பைப்பில் வைப்பது

தெர்மோவெல் (சென்சாரைச் செருகப் பைப்புக்குள் இறக்கிய குழல்) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். சென்சாரின் நுனி தண்ணீரின் நடுப்பகுதி வரை எட்ட வேண்டும். வெல்லுக்குள் தெர்மல் பேஸ்ட்டோ சிறிது எண்ணெயோ விடுங்கள். வெறுமனே செருகினால் சென்சாருக்கும் சுவருக்கும் நடுவில் காற்று நிற்கும், வெளிச்சூடு உள்ளே புகும்.

தெர்மோவெல் இல்லாத இடத்தில் பைப்பின் மேலேயே கட்டலாம், ஆனால் பெயின்டைச் சுரண்டி, பேஸ்ட் தடவி, இறுக்கிக் கட்டி, மேலே பழையபடி இன்சுலேஷன் போட்டு மூட வேண்டும். பிளான்ட் ரூம் 34 டிகிரியில் இருக்கும்போது திறந்து கட்டிய சென்சார், 7 டிகிரி பைப்பை 12 டிகிரி பைப்பைவிடக் கூடுதலாக உயர்த்திக் காட்டும். வித்தியாசம் சுருங்கும், சில்லர் நிஜத்தைவிட மோசமாகத் தெரியும்.

இரண்டு இடத்திலும் ஒரே முறை. ஒன்று வெல்லுக்குள், மற்றது பைப் மேலே என்று கலக்காதீர்கள்.

5. ஓட்டம் அளக்க இடம் பார்ப்பது

அல்ட்ராசோனிக் மீட்டர், தண்ணீர் பைப்புக்குள் சீராக ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. எல்போ தாண்டியதும் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்தும் சுழன்றும் ஓடும். அதனால் மீட்டருக்கு முன்னால் பைப் விட்டத்தைப்போல் பத்து மடங்கு நீளமும், பின்னால் ஐந்து மடங்கு நீளமும் நேராக இருக்க வேண்டும். 150 மி.மீ. பைப் என்றால் முன்னால் ஒன்றரை மீட்டர், பின்னால் முக்கால் மீட்டர். முன்னால் பம்போ பாதி திறந்த வால்வோ இருந்தால் முப்பது மடங்கு வேண்டும், அதாவது நாலரை மீட்டர்.

நம்மூர் பிளான்ட் ரூம்களில் நாலரை மீட்டர் நேர் பைப் கிடைப்பது அபூர்வம். ரூமுக்கு வெளியே, ரைசர் (மாடிகளுக்குப் போகும் பைப்) மேலே ஏறும் இடத்தில் தேடுங்கள். தண்ணீர் மேல்நோக்கிப் போகும் செங்குத்து பைப் நல்ல இடம். அங்கே பைப் எப்போதும் நிறைந்திருக்கும். எங்குமே கிடைக்கவில்லையென்றால், இருக்கும் இடத்திலேயே சென்சாரைப் பைப்பைச் சுற்றி நான்கு கோணத்தில் மாற்றிவைத்து நான்கு ரீடிங் எடுங்கள். நான்கும் எவ்வளவு விலகுகின்றன என்பதை ரிப்போர்ட்டில் எழுதிவிடுவதுதான் நேர்மை.

படுக்கை பைப்பில் பக்கவாட்டில், கடிகாரத்தில் 3, 9 இருக்கும் இடங்களில் கட்டுங்கள். மேலே காற்று நிற்கும், கீழே துரு வண்டல் படிந்திருக்கும். இரண்டும் ஒலியைத் தின்றுவிடும்.

கண்டென்சர் லைனில் இன்னொரு பொறி உண்டு. கூலிங் டவரிலிருந்து தானாக இறங்கி வரும் பைப் முழுதாக நிறையாமல் ஓடலாம். மீட்டரோ நிறைந்த பைப் என்றே கணக்குப் போடும். அங்கே கட்டாதீர்கள். பம்பிலிருந்து கண்டென்சருக்குப் போகும் பக்கத்தில் கட்டுங்கள்.

6. பைப் அளவை அளந்தே போடுங்கள்

"ஆறு இஞ்ச் பைப்" என்று சொன்னதை வைத்து மீட்டரில் எண் போடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. ஐ.எஸ். 1239 படி வரும் 150 மி.மீ. பைப்பின் வெளிவிட்டம் சுமார் 165.1 மி.மீ. அமெரிக்க அளவுமுறையில் வரும் பைப்புக்கு அதுவே 168.3 மி.மீ. மீட்டரின் மெமரியில் பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும். தடிமன் 4.8 மி.மீ. என்றே வைத்துக்கொள்வோம். வெளிவிட்டத்தை மாற்றிப் போட்டதில் உள்விட்டம் 155.5 என்பது 158.7 ஆகிவிடும். குறுக்குப் பரப்பு மட்டுமே 4 சதவீதம் கூடிவிடுகிறது.

துணி டேப்பைப் பைப்பைச் சுற்றி இழுத்துச் சுற்றளவு எடுத்து 3.1416 ஆல் வகுத்தால் வெளிவிட்டம். தடிமனை கேஜ் வைத்து மூன்று நான்கு இடத்தில் எடுத்துச் சராசரி போடுங்கள். கேஜைப் பெயின்டின் மேல் வைக்காதீர்கள், அது பெயின்டையும் சேர்த்து எண்ணிவிடும்.

7. மீட்டரைக் கட்டுவது

இன்சுலேஷனைக் கத்தியால் சுத்தமாக வெட்டி எடுங்கள். திரும்ப ஒட்ட வேண்டும் என்பதால் கிழிக்க வேண்டாம். பெயின்ட், துரு இரண்டையும் எமரி போட்டு, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். வெல்டிங் தையல் மேல் சென்சார் உட்காரக் கூடாது.

திறந்த சில நிமிடங்களில் பைப் வியர்க்கத் தொடங்கும். முத்து முத்தாக நிற்கும் அந்தத் தண்ணீரின் மேலேயே ஜெல்லைத் தடவினால் அது வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். கட்டும்போது சிக்னல் நன்றாக இருந்து, ஒரு மணி நேரத்தில் பாதியாக விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உலர்ந்த துணியால் துடைத்த கையோடு ஜெல் வைத்த சென்சாரை அழுத்தி, பெல்ட்டை இறக்கி, சுற்றிலும் பழைய இன்சுலேஷன் துண்டையே மூடி டேப் ஒட்டுங்கள். ஈரக்காற்று உள்ளே போகாவிட்டால் வியர்வை நின்றுவிடும். நாள் கணக்கில் விடுவதாக இருந்தால் ஜெல்லுக்குப் பதில் சிலிக்கான் கிரீஸ் நல்லது.

சாதாரண பைப்புக்கு வி முறை, அதாவது இரண்டு சென்சாரும் ஒரே பக்கம். பைப் பெரிதாகவோ உள்ளே துருப்பிடித்தோ இருந்து சிக்னல் வரவில்லையென்றால் இசட் முறையில் எதிரெதிர்ப் பக்கம் கட்டுங்கள். சென்சார்களுக்கு இடையே மீட்டர் சொல்லும் தூரத்தை மில்லிமீட்டர் சுத்தமாக வைக்க வேண்டும். தண்ணீரின் வெப்பநிலையையும் மீட்டரில் போடுங்கள். ஒலி 20 டிகிரி தண்ணீரில் நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் போகும், 7 டிகிரியில் அது 1,435 அளவில் இருக்கும். ஒலிவேகத்தைக் காட்டும் மீட்டரானால் இதை வைத்தே பைப் அளவு சரியா என்று பார்க்கலாம். காட்டும் வேகம் மிகவும் விலகினால் எங்கோ தப்பான எண் போட்டிருக்கிறீர்கள்.

பூஜ்யச் சோதனையை விடாதீர்கள். சில்லர் நின்றபின் பம்பையும் நிறுத்தி, இரு பக்க வால்வையும் மூடி, மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். சில்லர் ஓடும்போது குளிர்நீர் வால்வை ஒருபோதும் மூடக் கூடாது. எவாப்பரேட்டரில் தண்ணீர் உறைந்தால் டியூப் வெடித்துவிடும்.

பால் குளிரூட்டும் நிலையம்போல் கிளைக்கால் கலந்த தண்ணீர் ஓடும் இடத்தில் வெறும் தண்ணீருக்கான எண் பொருந்தாது. 30 சதவீதம் எத்திலீன் கிளைக்கால் இருந்தால், அதே ஓட்டமும் அதே வித்தியாசமும் ஏழெட்டு சதவீதம் குறைவான வெப்பத்தைத்தான் சுமக்கும்.

8. நிரந்தர மீட்டர் போடுவதானால்

வெப்பச் சக்தி மீட்டரோடு வரும் இரண்டு வெப்பநிலை சென்சாரும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து ஜோடி சேர்த்தவை. ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள். மின்காந்த வகை ஓட்ட மீட்டருக்கு எர்த்திங் சரியாக இருக்க வேண்டும், தேவைப்படும் இடத்தில் எர்த்திங் ரிங் போட வேண்டும். அதை விட்டுவிட்டு ரீடிங் ஆடுகிறது என்று மீட்டரைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. சர்வீஸுக்குக் கழற்ற முன்னும் பின்னும் வால்வு வையுங்கள். ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) இருந்தால் மீட்டருக்கு முன்னால், போதிய நேர் நீளம் விட்டு.

9. மின்சாரம் அளப்பது

பேனலைத் திறப்பது உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை. ஏற்கெனவே உள்ள சி.டி.யின் (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரி ஒயரை மின்சாரம் ஓடும்போது கழற்றக் கூடாது. திறந்த செகண்டரியில் உயிர்கொல்லும் வோல்டேஜ் எழும். முதலில் ஷார்ட்டிங் லிங்க் போட வேண்டும்.

கிளாம்பில் உள்ள அம்புக்குறி லோடு பக்கம் பார்க்க வேண்டும். ஆர் ஃபேஸ் வோல்டேஜுக்கு ஆர் ஃபேஸ் கிளாம்ப் என்று ஜோடி மாறாமல் இருக்க வேண்டும். மூன்றில் ஒரு கிளாம்ப் திரும்பியிருந்தால், இரண்டு கூட்டி ஒன்றைக் கழித்து, மொத்தம் மூன்றில் ஒரு பங்குதான் காட்டும். 90 கிலோவாட் வர வேண்டிய இடத்தில் 30 வந்தால் சில்லரைப் பாராட்ட வேண்டாம், கிளாம்பைத் திருப்பிப் போடுங்கள். 400/5 சி.டி.க்கு மீட்டரில் 200/5 என்று அமைத்திருந்தால் சரிபாதி காட்டும்.

ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டருக்குப் பிறகு மோட்டாருக்கு ஆறு ஒயர் போகும். அதில் ஒன்றில் கிளாம்ப் போட்டால் லைன் கரன்ட்டில் 58 சதவீதம்தான் வரும். ஸ்டார்ட்டருக்கு முன்னால் உள்வரும் கேபிளில் அளவெடுங்கள். வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) உள்ள பம்புக்கும் அதே விதி. அதன் வெளிவரும் பக்கம் மின்சாரம் துண்டு துண்டாகப் போவதால் சாதாரண கிளாம்ப் மீட்டர் அங்கே ஏமாறும். உள்வரும் பக்கத்தில் எடுத்தால் வி.எஃப்.டி.யின் இழப்பும் கணக்கில் சேர்ந்துவிடும், ஈ.பி. பில்லும் அதையும் சேர்த்துத்தானே வருகிறது.

ஆம்பியரை மட்டும் படித்துவிட்டு பவர் ஃபேக்டர் 0.9 என்று தாமாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பாதி லோடில் ஓடும் மோட்டாரின் பவர் ஃபேக்டர் அதைவிட நன்றாக இறங்கியிருக்கும். கிலோவாட்டை நேராக அளங்கள்.

10. ஒரே கடிகாரம், ஒரே இடைவெளி

எல்லா லாகரின் நேரத்தையும் ஒரே கைப்பேசியைப் பார்த்து அமையுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு பதிவு. மின்சாரம் காலையிலும் ஓட்டம் மாலையிலும் எடுத்த எண்களைச் சேர்த்துப் போடும் கணக்கு எதற்கும் உதவாது, இடையில் லோடு மாறியிருக்கும்.

குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் ஞாயிறும் சேர்த்து ஒரு வாரம். மருத்துவமனையில் திங்கள் காலை ஓ.பி. கூட்டமும் ஞாயிறு மதியமும் இரண்டு வேறு உலகம்.

11. கணக்கு

ஒரு மணிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் 1,000 கிலோகலோரி, அதாவது 1.163 கிலோவாட். ஒரு டன் என்பது மணிக்கு 3,024 கிலோகலோரி, அதாவது 3.517 கிலோவாட். ஆகவே:

டன் = ஓட்டம் (மணிக்குக் கன மீட்டர்) × வித்தியாசம் (டிகிரி) ÷ 3.024

200 டன் சில்லர் ஒன்றில் ஓட்டம் 96, வரும் தண்ணீர் 11.6, போகும் தண்ணீர் 7.4 என்று வையுங்கள். வித்தியாசம் 4.2. 96 × 4.2 ÷ 3.024 = 133.3 டன். கம்ப்ரசர் 92 கிலோவாட் என்றால் ஒரு டன்னுக்கு 0.69. குளிர்நீர் பம்ப் 15, கண்டென்சர் பம்ப் 18, டவர் ஃபேன் 5.5 சேர்த்தால் மொத்தம் 130.5, டன்னுக்கு 0.98.

இப்போது சென்சார் ஒன்று 0.4 டிகிரி தவறி, 11.6 என்பதை 12.0 என்று காட்டியதாக வையுங்கள். அதே சில்லர் 146 டன் தருவதாகவும் டன்னுக்கு 0.63 எடுப்பதாகவும் காகிதத்தில் வந்துவிடும். ஐஸ் ஃபிளாஸ்க் எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த வரியைக் காட்டுங்கள்.

ஒரு நாளின் சராசரி வேண்டுமென்றால், நிமிட வாரியாக வந்த விகிதங்களைக் கூட்டி வகுக்காதீர்கள். மொத்த யூனிட்டை மொத்த டன் மணியால் வகுங்கள். இல்லையென்றால் இரவில் சும்மா ஓடும் பத்து நிமிடமும் நண்பகலின் பத்து நிமிடமும் ஒரே எடை பெற்றுவிடும்.

12. நம்புவதற்கு முன் இரண்டு சோதனை

முதலாவது வெப்பச் சமன். கட்டிடத்திலிருந்து எடுத்த வெப்பமும் கம்ப்ரசருக்குக் கொடுத்த மின்சாரமும் கூடி, கண்டென்சர் தண்ணீர் வழியாக வெளியேற வேண்டும். 133.3 × 3.517 = 469 கிலோவாட், அதோடு 92 சேர்த்தால் 561. கண்டென்சர் பக்கம் ஓட்டம் 121, வித்தியாசம் 4.1 என்றால் 121 × 4.1 × 1.163 = 577 கிலோவாட். விலகல் மூன்று சதவீதத்துக்குள். ஐந்தைத் தாண்டினால் எண்களை வெளியே கொடுக்காதீர்கள், முதலில் சென்சார்களைத் திரும்பப் பாருங்கள். மோட்டார் தனியாக வெளியே நிற்கும் ஓப்பன் டைப் கம்ப்ரசரானால், மோட்டாரின் இழப்பு ரூமுக்குள் போய்விடும். அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எவாப்பரேட்டரின் அழுத்த வீழ்ச்சி. ஓட்டம் அழுத்த வீழ்ச்சியின் வர்க்கமூலத்தோடு ஏறி இறங்கும். டேட்டா ஷீட்டில் 110 ஓட்டத்துக்கு 60 கிலோபாஸ்கல் என்றிருந்து, இப்போது 46 வந்தால், 46 ÷ 60 இன் வர்க்கமூலம் 0.876. 110 × 0.876 = 96. மீட்டர் சொன்னதும் அதுதான். ஒரே பிரஷர் கேஜை இரு பக்கமும் மாற்றிப் போட்டு அளங்கள், கேஜின் சொந்த விலகல் அதில் தானாகக் கழிந்துவிடும். இரண்டு முனையும் வேறு உயரத்தில் இருந்தால் கேஜைப் பிடிக்கும் உயரம் மட்டும் மாறக் கூடாது. டியூபில் அழுக்கு இருந்தால் வீழ்ச்சி கூடிக் காட்டும், அதையும் மனதில் வையுங்கள்.

13. காற்றும் உப்புத்தண்ணியும்

ஏப்ரலில் எடுத்த எண்ணை ஜூலையில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டு "சர்வீஸ் செய்ததால் மின்சாரம் மிச்சம்" என்று சொல்வது இங்கே அடிக்கடி நடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கிவிட்டால் கோவையில் சூடு தணிந்துவிடும், லோடும் குறையும். சர்வீஸே செய்யாமலும் பில் இறங்கும். ஒவ்வொரு பதிவோடும் டவர் பக்கத்து வெட் பல்பையும் கண்டென்சருக்குள் போகும் தண்ணீரின் வெப்பநிலையையும் எழுதுங்கள். லோடும் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒத்த நாட்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

டவருக்குச் சிறுவாணித் தண்ணீரா போர்வெல் உப்புத்தண்ணியா என்பதையும் குறிக்க வேண்டும். உப்புத்தண்ணியில் கண்டென்சர் டியூபில் சுண்ணாம்பு படியும். கண்டென்சரில் கேஸ் குளிரும் வெப்பநிலைக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி மாதத்துக்கு மாதம் அகலும். டன்னுக்கான கிலோவாட் ஏறிக்கொண்டே போய், இந்த இடைவெளியும் கூடவே ஏறினால் குறை டியூபில் இருக்கிறது.

14. வெந்நீர் லைன்

நம் பக்கம் கட்டிடத்தைச் சூடாக்கும் தேவையில்லை. ஹோட்டல், ஹாஸ்டல், மருத்துவமனையில் ஹீட் பம்ப் வெந்நீர்தான். முறை அதேதான், டன்னுக்குப் பதில் கிலோவாட்: ஓட்டம் × வித்தியாசம் × 1.163. ஓட்டம் 3, வித்தியாசம் 5 என்றால் 17.4 கிலோவாட் வெப்பம். மின்சாரம் 4.9 என்றால் ஒன்றுக்கு மூன்றரை மடங்கு கிடைக்கிறது. பைப் சிறியதாக இருப்பதால் அதற்கேற்ற சிறிய சென்சார் வேண்டும். சூட்டில் தண்ணீரிலிருந்து பிரியும் காற்றுக் குமிழி சிக்னலைக் கெடுக்கும், ஏர் வென்ட்டைத் திறந்துவிட்டு அளங்கள்.

15. மூடிவிட்டுப் போங்கள்

சென்சாரைக் கழற்றியதும் ஜெல்லைத் துடைத்து, தேய்த்த இடத்தில் பிரைமர் அடித்துக் காயவிட்டு, இன்சுலேஷன் துண்டைப் பொருத்தி, வெட்டிய விளிம்பு முழுவதும் பசை தடவி மூடுங்கள். விரல் நுழையும் இடைவெளி விட்டால்கூட ஈரம் உள்ளே போய்ப் பைப் அடியில் துருப்பிடிக்கும். சில வாரத்தில் ஃபால்ஸ் சீலிங்கில் மஞ்சள் கறை தெரியும். அடுத்த முறை அளக்க வருபவருக்காக, சென்சார் இருந்த இடம், அளந்த வெளிவிட்டம், தடிமன், தேதி நான்கையும் இன்சுலேஷன் மேல் பெயின்ட் மார்க்கரில் எழுதிவிடுங்கள்.